டானிக்: கசப்பும் அளவும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்ததும் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கும். நம்ம ஊரில் டானிக் என்றால் பிள்ளைக்குப் பசி எடுக்க டாக்டர் எழுதித் தரும் பாட்டில். சிரப் என்றால் இருமல் மருந்து. பெங்களூரிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் நம் நண்பர்களுக்கு அது வேறு பொருள். ஜின்னில் கலக்கும் கசப்பான சோடாத் தண்ணீர்தான் அவர்கள் சொல்லும் டானிக். இப்போது அதையும் கடையில் வாங்காமல், சின்கோனா மரப்பட்டையைத் தபாலில் வரவழைத்து, வீட்டு அடுப்பில் காய்ச்சி, சிரப்பாக வைத்துக்கொண்டு, வேண்டும்போது சோடா ஊற்றிக் குடிக்கும் பழக்கம் வந்திருக்கிறது. "நீ என்ஜினியர்தானே, எவ்வளவு பட்டை போடணும் சொல்லு" என்று என்னிடமே நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

குடிக்கச் சொல்லியோ குடிக்காதே என்று சொல்லியோ நான் இங்கே வரவில்லை. ஜின் சேர்ப்பது அவரவர் விருப்பம், அவரவர் வயது, அவரவர் வீட்டுச் சம்மதம். என் பேச்சு டானிக் என்ற பகுதியைப் பற்றியது. ஜின் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் அதில் உள்ள சிக்கல் ஒன்றேதான்.

கசப்பு எங்கிருந்து வந்தது?

டானிக் தண்ணீரின் கசப்பு கொயினாவால் வருவது. நம் தாத்தா பாட்டிமார் மலைக்காய்ச்சலுக்கு விழுங்கிய அதே கொயினாதான். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச்சரிவில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டையில் அது இருக்கிறது. 1820இல் பாரிஸில் பெல்லெத்தியே, காவெந்து என்ற இரண்டு மருந்தியலாளர்கள் பட்டையிலிருந்து கொயினாவைத் தனியே பிரித்தார்கள். அதுவரை பட்டையைப் பொடித்துக் குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அதற்குப் பிறகு எடை போட்டுக் கொடுக்கக்கூடிய ஒரு பொருள் கிடைத்தது. இந்த எடை போடுதல் என்ற விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சு முழுக்க அதைச் சுற்றித்தான்.

1858இல் லண்டனில் எராஸ்மஸ் பாண்ட் என்பவர் டானிக் சோடாவுக்குக் காப்புரிமை வாங்கினார். 1870இல் ஷ்வெப்ஸ் நிறுவனம் 'இந்தியன்' என்ற பெயரோடு கொயினா டானிக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜின்னும் டானிக்கும் சேர்ந்து அச்சில் வந்த மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று 1868ஆம் வருடத்து இந்திய விளையாட்டுப் பத்திரிகையில் இருக்கிறது. எந்த இடத்தில் தெரியுமா? குதிரைப் பந்தயம் முடிந்த பிறகு ஆட்கள் கேட்டு வாங்கிக் குடித்ததாக. சிப்பாய்கள் மலேரியா மருந்தின் கசப்பை மறைக்கத்தான் ஜின்னைக் கலந்தார்கள் என்று கதையாகச் சொல்கிறார்கள். அச்சில் கிடைப்பது பந்தய மைதானத்துத் தாகம்.

நம்ம நீலகிரி

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1860 வாக்கில் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் தலைமையில் தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனா விதையும் கன்றும் கடல் கடந்து வந்தன. மார்க்கம் தானே கொண்டுவந்த கன்றுகள் பெரும்பாலும் பட்டுப்போயின. ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் ஈக்வடாரில் சேகரித்த சிவப்புப் பட்டை வகை நன்றாகப் பிழைத்தது. ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர் அதைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டமாக்கினார். மரத்தை வெட்டாமல், பட்டையை நீள நீளமாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டி, மறுபடியும் பட்டை வளர வைக்கும் முறையைக் கண்டுபிடித்தவரும் அவரே. தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களை அடைத்து வைத்த சிறைக் கட்டடம் நடுவட்டத்தில் இன்றும் இருக்கிறது. ஊட்டியிலிருந்து கூடலூர் போகிறவர்கள் இறங்கிப் பார்க்கலாம். பிற்பாடு நடுவட்டத்தில் அரசாங்கமே கொயினா தொழிற்சாலை நடத்தியது. வால்பாறை மலையில் சின்கோனா என்று ஓர் ஊர்ப்பெயரே நிலைத்துவிட்டது. இன்று அங்கே கண்ணுக்கு எட்டியவரை தேயிலைதான்.

வங்காளத்தில் 1892 முதல் தபால் ஆபீசிலேயே கொயினாப் பொட்டலம் விற்றார்கள். ஒரு பொட்டலம் ஒரு பைசா. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரே எடை. படிக்காதவரும் வாங்கிப் போய்ப் பயமில்லாமல் சாப்பிடலாம். பொட்டலம் என்பது சின்ன விஷயம்தான். ஆனால் அளவு என்பதை ஏழை வீடு வரைக்கும் கொண்டு சேர்த்தது அதுதான்.

டச்சுக்காரர் ஜெயித்த கதை

தொழிலில் இறங்கப் போகும் தம்பிகள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். நீலகிரியின் சிவப்புப் பட்டை மரம் நன்றாக வளர்ந்தது, பட்டையும் தடிமனாக வந்தது. ஆனால் அதில் கொயினா குறைவு, நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். அதோடு கூடப் பிறந்த வேறு சில காரப்பொருட்கள் நிறைய இருந்தன. அவையும் காய்ச்சலைத் தணிக்கும் என்று 1866 முதல் 1868 வரை சென்னை மாகாணத்தில் நடந்த பரிசோதனைகள் காட்டின. அந்த வகையில் சிவப்புப் பட்டை வீண் போகவில்லை, மலிவான காய்ச்சல் மருந்துக்கு அது உதவியது. உலகச் சந்தை கேட்டதோ சுத்தமான கொயினா.

1865இல் சார்லஸ் லெட்ஜர் என்ற வியாபாரி பொலிவியாவிலிருந்து வந்த ஒரு விதையை விற்க அலைந்தார். அதைச் சேகரித்துக் கொடுத்தவர் மானுவேல் இன்க்ரா மாமானி என்ற மலைவாழ் மனிதர். தன் நாட்டு விதையை அந்நியருக்குக் கொடுத்ததற்காகப் பின்னால் சிறையில் அடிபட்டு உயிரிழந்தார். பிரிட்டிஷ் அரசு விதையை வாங்கவில்லை. டச்சு அரசு ஒரு பவுண்டு வாங்கி ஜாவாவில் விதைத்தது. வாங்கியதோடு விடவில்லை. மரம் மரமாகப் பட்டையைச் சோதனைச் சாலைக்கு அனுப்பி, எந்த மரத்தில் எவ்வளவு கொயினா என்று கணக்கெடுத்தார்கள். குறைந்ததை நீக்கினார்கள். நல்ல மரத்தின் கிளையைச் சிவப்புப் பட்டையின் பலமான வேர்த்தண்டில் ஒட்டுக் கட்டினார்கள். நூற்றுக்குப் பத்துக்கு மேலும் கொயினா தரும் மரங்கள் கிடைத்தன. 1930களில் உலகக் கொயினாவில் 90 சதவீதத்துக்கு மேல் ஜாவாவிலிருந்து போனது.

நம் மலையில் மண் மோசமா? மழை குறைவா? இரண்டும் இல்லை. மரத்துக்கு மரம் அளந்து பார்த்தவன் சந்தையைப் பிடித்தான். 1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் உலகமே கொயினாவுக்குத் தவித்தது. போருக்குப் பிறகு குளோரோகுயின் மாத்திரை வந்து, கொயினா பின்னுக்குப் போய்விட்டது. இன்று மிச்சமிருக்கும் உபயோகங்களில் ஒன்று, நண்பர்கள் கேட்கும் இந்த டானிக் தண்ணீர்.

கணக்குப் போடுவோம்

இப்போது சமையலறைக்கு வருவோம். அமெரிக்க உணவு மருந்துத் துறை டானிக் தண்ணீரில் கொயினாவுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 83 பிபிஎம். அதாவது லிட்டருக்கு 83 மில்லிகிராம். மலேரியாவுக்குப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் வழக்கமான அளவு 600 மில்லிகிராம் வீதம் ஒரு நாளைக்கு மூன்று வேளை, மொத்தம் 1800. அதை டானிக் தண்ணீராகவே குடிக்க வேண்டுமானால் ஒரு நாளைக்கு 21 லிட்டருக்கு மேல் குடிக்கணும். அதனால் 'ஜின் டானிக் குடித்தால் கொசு கடித்தாலும் ஒன்றும் ஆகாது' என்று யாராவது சொன்னால் கணக்கைக் காட்டுங்கள்.

இது ஒரு பக்கம். மறுபக்கம்தான் ஆபத்து. வீட்டுக் குறிப்புகளில் 20 கிராம், 25 கிராம் பட்டைத்தூளை ஒரு லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து, எலுமிச்சை உப்பும் சர்க்கரையும் சேர்க்கச் சொல்கிறார்கள். 20 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். பட்டையில் காரப்பொருள் 5 சதவீதம் என்றால் மொத்தம் 1000 மில்லிகிராம். ஒரு லிட்டர் சிரப், ஒரு பங்குக்கு நாலு பங்கு சோடா, ஆக 5 லிட்டர் பானம். முழுவதும் இறங்கிவிட்டால் லிட்டருக்கு 200 மில்லிகிராம். பட்டை நல்ல ஜாதியாக இருந்து 10 சதவீதம் இருந்தால் 400. மட்டமாக இருந்து 2 சதவீதம் என்றால் 80. அந்த ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் நாம் வரம்புக்குள் இருக்கிறோம்!

பொட்டலத்தின் மேல் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்குமா? பெரும்பாலும் இருக்காது. எவ்வளவு இறங்கியது என்பதும் தெரியாது. தூள் எவ்வளவு நைஸ், எத்தனை நிமிஷம் கொதித்தது, எவ்வளவு புளிப்பு சேர்ந்தது என்பதைப் பொறுத்து மாறும். புளிப்பு சேர்த்தால் அதிகமாக இறங்கும். துணியில் வடிகட்டினால் தூள் கொஞ்சம் கூடவே வரும். அந்தத் தூள் பாட்டில் அடியில் தங்கும். கடைசி டம்ளர் குடிப்பவருக்கு அதிகக் கொயினா போகும்.

கொயினா அளவு மீறினால் காதில் ரீங்காரம், தலைவலி, குமட்டல், கண் மங்கல், தலைச்சுற்றல் வரும். இந்தத் தொகுதிக்கே மருத்துவத்தில் சின்கோனிசம் என்று தனிப் பெயர் இருக்கிறது. இதயத் துடிப்பின் தாளம் கெடலாம். சிலருக்கு மட்டும், கொஞ்சம் குடித்தாலே ரத்தத் தட்டணுக்கள் சடாரென்று குறைந்துவிடும். யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கெண்டைக்கால் பிடிப்புக்குக் கொயினா மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்பதை அமெரிக்கா 1994இல் நிறுத்தியது இதனால்தான். கர்ப்பிணிகள், இதய மருந்து சாப்பிடுகிறவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் கடை டானிக்கைக்கூட டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

ஆகவே என்னிடம் கேட்ட நண்பர்களுக்கு என் பதில்: எவ்வளவு பட்டை போடணும் என்றால், போடாதீர்கள். கொயினாக் கசப்புதான் வேண்டும் என்றால் அளந்து போட்டு விற்கும் கடைப் பாட்டிலை வாங்குங்கள். இல்லை, வீட்டில் செய்த சிரப்தான் வேண்டும், கசப்பும் மணமும் இருந்தால் போதும் என்றால் நம்ம ஊரிலேயே அதற்கு வழி இருக்கிறது.

நன்னாரி டானிக்

கம்மாபுரம் கடைத்தெருவிலும் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டிலும் வெயில் காலத்தில் நன்னாரி சர்பத் குடிக்காதவர் யார்? சிரப்பைச் சோடாவில் கலப்பது நமக்குப் புதுசில்லை. செய்முறை சொல்கிறேன், தங்கைகள் மட்டும் இல்லை, தம்பிகளும் எழுதிக்கொள்ளுங்கள்.

நன்னாரி வேர் 25 கிராம். நசுக்கி, நடுக்குச்சியை எடுத்துவிடுங்கள். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அதில் வேரையும், இரண்டு தண்டு எலுமிச்சைப் புல்லையும் போட்டு மூடி ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். நன்னாரியின் மணம் ஆவியோடு போகும் மணம், அதனால் வேரைப் போட்டபின் கொதிக்கவிடக் கூடாது. இரண்டு எலுமிச்சையின் மஞ்சள் தோலும், கால் நாரத்தங்காயின் தோலும் சேருங்கள். நாரத்தங்காய்த் தோலை உள்ளே இருக்கும் வெள்ளையோடு போட வேண்டும், கசப்பு அதில்தான். காலையில் மெல்லிய துணியில் வடிகட்டி 350 கிராம் நீரை எடையிட்டு எடுங்கள். 650 கிராம் சர்க்கரை, 20 கிராம் எலுமிச்சை உப்பு சேர்த்து, இளஞ்சூட்டில் கரையும் வரை கிளறினால் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சிரப் வரும்.

ஏன் 650க்கு 350? சர்க்கரை 65 சதவீதம் இருந்தால் பூஞ்சைக்கு வேண்டிய தண்ணீர் அதற்குக் கிடைக்காது. சர்பத் வியாபாரத்தில் 65 என்பது பழைய அளவுகோல். சமபாகம் போட்டால் 50 சதவீதம்தான், சில வாரத்தில் மேலே வெள்ளை படியும்.

20 மில்லி சிரப்புக்கு 150 மில்லி சோடா. அந்த 20 மில்லியில் சர்க்கரை 17 கிராம், அதாவது மூன்றரை டீஸ்பூன். சர்க்கரை வியாதி உள்ள அண்ணன்மார்கள் 'மூலிகைதானே' என்று ஏமாந்துவிடாதீர்கள். சோடாவும் சிரப்பும் இரண்டும் ஜில்லென்று இருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர், பூஜ்யம் டிகிரியில் சாதாரண அழுத்தத்தில் 1.7 லிட்டர் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். 30 டிகிரியில் 0.7 லிட்டர்கூடப் பிடிக்காது. முதலில் சிரப், பிறகு ஐஸ், கடைசியில் டம்ளர் ஓரமாகச் சோடா. ஒரே ஒரு தடவை கிளறினால் போதும், அதிகம் கிளறினால் காஸ் போய்விடும்.

ஜாடி விஷயம்

நம் கல்லூரிக்காரர்கள் இதைச் சொல்லாமல் போனால் தப்பு. புளிப்புச் சிரப்பைப் பித்தளையிலோ ஈயம் பூசாத செம்பிலோ வைக்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். பீங்கான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுகிறார்கள். அப்படி நம்பக் கூடாது. கிளேஸில் காரீய ஆக்ஸைடு சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே உருகிப் பளபளவென்று வரும், விறகும் காஸும் மிச்சம். ஆனால் சூளையில் சூடு சரியாக ஏறாமல் போனாலோ, பச்சை நிறத்துக்காகத் தாமிரம் சேர்த்திருந்தாலோ, புளிப்பு பட்டதும் காரீயம் கரைந்து இறங்கும். சிரப் மாதக் கணக்கில் ஜாடியில் இருக்கும். குழந்தைகள் மூளைக்குக் காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

இதற்குச் சோதனை எளிது. 4 சதவீத அசெட்டிக் அமிலத்தைப் பாத்திரத்தில் ஊற்றி, அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்து, அந்த அமிலத்தில் எவ்வளவு காரீயம், காட்மியம் இறங்கியிருக்கிறது என்று லேபில் பார்ப்பது. 1200 டிகிரிக்கு மேல் சுட்ட, ஃபெல்ஸ்பார் கிளேஸ் போட்ட ஊறுகாய் ஜாடி இந்தச் சோதனையில் கவலையில்லாமல் நிற்கும். அழகுக்குச் செய்த பொம்மைச் சாமானும் அலங்காரக் குடுவையும் அப்படி அல்ல, அவற்றில் சாப்பாட்டுப் பொருள் வைக்கக் கூடாது. எது எது என்று வாங்குபவருக்குத் தெரியாது. சூளை போடுகிறவருக்குத் தெரியும். இந்த வட்டாரத்தில் தொழில் செய்யும் நம் நண்பர்கள், உணவுக்கு ஆகும் சாமானில் 'உணவுக்கு உகந்தது' என்று சோதித்துப் பார்த்து எழுதினால், அதுவே வியாபாரத்துக்கும் பலம்.

நீல வெளிச்சம்

மேஜை மேல் மூன்று டம்ளர் வைத்திருக்கிறேன். ஒன்றில் சோடா, ஒன்றில் நன்னாரி சிரப் கலந்த சோடா, ஒன்றில் கடை டானிக். கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கைக் காட்டுகிறேன், பாருங்கள். டானிக் மட்டும் நீலமாக ஜொலிக்கிறது. 1852இல் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி ஒளிர்வு என்ற குணத்தை விளக்க எடுத்துக்கொண்ட பொருட்களில் கொயினாக் கரைசலும் ஒன்று. கண்ணாடிப் பாத்திரத்தோடு மாணவர்கள் லேபில் செய்து பார்க்கலாம். ஆனால் இந்த நீலம் கொயினா இருக்கிறது என்றுதான் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. ஒரு சிட்டிகை சாப்பாட்டு உப்பைப் போடுகிறேன், வெளிச்சம் மங்குகிறது பாருங்கள். கொயினா அங்கேயேதான் இருக்கிறது. கண்ணால் பார்த்து அளவு சொல்வதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

2024 ஜூன் மாதம் நம் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மெத்தனால் கலந்த சாராயத்தில் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. பார்வைக்கும் வாசனைக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு திரவம். குடித்தவர்களிடம் அளந்து பார்க்க ஒரு கருவியும் இல்லை. விற்றவன் அளக்க நினைக்கவும் இல்லை. வீட்டிலேயே ஜின் காய்ச்சிப் பார்க்கலாமா என்று விளையாட்டாகக்கூடக் கேட்கும் தம்பிகளுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. அது சட்டப்படியும் குற்றம்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் சூளையிலோ, மருந்துக் கம்பெனியிலோ, மின்கம்பத்து இன்சுலேட்டர் செய்யும் இடத்திலோ வேலைக்குப் போவீர்கள். 'கண் மதிப்பு போதும் சார், ரொம்ப நாளா இப்படித்தான் போடறோம்' என்று ஒருத்தர் கட்டாயம் சொல்வார். அவர் அனுபவத்துக்கு மரியாதை கொடுங்கள், அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். கற்றுக்கொண்டதை ஒரு தராசில் வைத்தும் பாருங்கள். நம் கல்லூரி நமக்குக் கொடுத்த சொத்தில் அந்தத் தராசும் ஒன்று.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நன்னாரி டானிக் எல்லாருக்கும் உண்டு. ஜாடி சோதனை முடித்த ஜாடிதான், தைரியமாகக் குடிக்கலாம்.